ஆள் இல்லாத புற்று

கலவையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு முகத்தைத் தொங்கப் போடக் கூடாது. களி எவ்வளவு, மணல் எவ்வளவு, வைக்கோலை எப்படி ஊறப் போடுவது என்பதெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே வீடியோவாகக் கிடக்கிறது. ஒன்றில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் மண்ணை மிதித்து மிதித்து ஆடுகிறார். நானும் பார்த்தேன், நன்றாகத்தான் ஆடுகிறார்.

மண்வீடு கட்டியே காலத்தை ஓட்டி, இப்போது முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் வீட்டில் இருக்கிற மேசன் நான். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களோடு நாலு கதை கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு கதைக்கு உங்களுக்குப் பொறுமை இருக்காது. அதோ, பின்னால் இருக்கிற தம்பி இப்பவே கொட்டாவி விடுகிறார். ஒன்றரைக் கதை சொல்கிறேன். அரைக் கதை முதலில்.

வாவிக்கரையில் ஒருவர், மண் காலடியிலேயே கிடக்கிறதே என்று வாவி ஓரத்துக் களியை வெட்டிச் சமையலுக்கு ஒரு குசினி கட்டினார். அது உப்பு மண். சுவர் காய்ந்ததும் உப்புப் பூத்தது. ஊர் மாடெல்லாம் மோப்பம் பிடித்து வந்து நக்கத் தொடங்கின. நான் போய்ப் பார்க்கிறபோது குசினியின் நாலு மூலையும் மழுங்கி வட்டமாகிவிட்டன. வீட்டுக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “வடிவாத்தானே கிடக்கு மேசன், வெளிநாட்டில இப்பிடித்தானாம் கட்டுறாங்க” என்றார். மாடு நக்கி முடித்த வீடு இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வாவிக்கரை மண்ணை நான் தொடுவதில்லை. ஞானம் ரீச்சரின் வீட்டுக்கு அக்கரையில் இருந்து மண் எடுப்பித்ததும் அதனால்தான்.

ஞானம் ரீச்சர் மெதடிஸ்த சபைக்காரர். பட்டணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. குருக்கள்மடத்தில் வாவிப் பக்கமாக இருந்த ஒரு துண்டு வளவில் ஓர் அறை, ஒரு குசினி, முன்னுக்கு ஒரு விறாந்தை என்று சின்னதாக மண்வீடு கட்டித்தரக் கேட்டார். கூரை தென்னோலைக் கிடுகு. சீமெந்து வீட்டில் வேர்த்து வேர்த்தே பாதி ஆளாகிவிட்டேன் என்பது அவருடைய முறைப்பாடு.

அவருக்கு ஒரே மகன், பெயர் சீலன். கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பெரிய வேலை. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் அது எப்படி எரியும், எப்படி இடியும், எப்படி வெள்ளத்தில் போகும் என்றுதான் தோன்றும். பிழை சொல்ல முடியாது, சம்பளமே அதற்குத்தான். அவர் தாயிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மாரிக்கு முன் ஒருநாள் வந்து பார்ப்பாராம். வீடு இருக்கத் தகுந்ததாக இல்லாவிட்டால் அம்மா சாமானைக் கட்டிக்கொண்டு அவரோடு கொழும்புக்கு வர வேண்டுமாம்.

“பெரிய மாடி வீடு மேசன்” என்று ரீச்சர் என்னிடம் சொன்னார். “லிப்ட்டில ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறது. மருமகள் தங்கமான புள்ள, ஒரு குறையும் விடமாட்டா. ஆனா அங்க ஞானம் ரீச்சர் எண்டு ஒருத்தி இருக்கமாட்டா, சீலன்ட அம்மா மட்டும்தான் இருப்பா. இந்தச் சுவர் நிக்கோணும். விளங்குதா?”

விளங்கியது. வீட்டுக்காரர் இப்படிச் சொன்ன பிறகு சும்மா மண்ணை அப்பிவிட்டுப் போக முடியாது.

பூச்சுக்குப் புற்று மண் சேர்த்தால் வெடிக்காது. கறையான் தன் வாயால் குழைத்த மண் அது, உங்கள் காலால் அவ்வளவு பதமாக மிதிக்க முடியாது. மண் ஏற்றிவரும் யோகனிடம் சொன்னேன்: “அக்கரையில ஆள் இல்லாத புத்தாப் பாத்து வெட்டிக்கொண்டு வா.”

நான் ஆள் என்று சொன்னது மனுசரை. ஆரும் கும்பிடாத, ஆரும் உரிமை கொண்டாடாத புற்று என்ற அர்த்தத்தில் சொன்னேன். யோகனுக்கு ஆள் என்றால் பாம்பு. அவன் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் போனான், ஒரு வயல்வட்டை ஓரம் நல்ல உயரமான புற்றைக் கண்டான், நீட்டுக் கம்பு ஒன்றை ஓட்டைக்குள் விட்டு ஆட்டினான். உள்ளே இருந்து ஒருவரும் வரவில்லை. சந்தோசமாக அலவாங்கு போட்டு இடித்து ஏற்றிக்கொண்டு பாதையில் கடந்து வந்துவிட்டான். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பாதை என்றால் இங்கே வீதி இல்லை. ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியில் மிதந்து போகிற தட்டு.

அந்த மண்ணைக் குழைத்து மேற்குச் சுவருக்கு வெளிப்பூச்சுப் பூசினோம். படுக்கையறைச் சுவர். பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. ரீச்சர் கன்னத்தை வைத்துப் பார்த்து, குளிர்மையாக இருக்கிறது என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை. நான் விறாந்தையில் நின்று மட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைமுழுகி, ஈரக் கொண்டையோடு ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஒரு கையில் பால் செம்பு, மற்றக் கையில் முட்டை. வலதும் இல்லை இடதும் இல்லை, நேரே மேற்குச் சுவருக்குப் போய்க் குனிந்து, அடியில் முட்டையை வைத்து, பாலைச் சுவரில் ஊற்றினார்.

“அக்கா, என்ன செய்யிறீங்க?” என்று ஓடினேன்.

“நாகதம்பிரானுக்குப் பால் வாக்கிறன்.”

“இது சுவரக்கா.”

“எனக்குத் தெரியாதா? போன கிழமை வரைக்கும் அவர் எங்கட வட்டைக்குள்ள இருந்தவர். இண்டைக்குப் போனா ஆளைக் காணல்ல. வழி முழுக்க மண் சிந்திக் கிடந்துது. அதைப் பிடிச்சுத் துறையடிக்கு வந்தன். பாதைக்காரத் தம்பி சொன்னார், லாண்ட்மாஸ்டரில ஏறிக் கடந்து போயிட்டார் எண்டு. இஞ்சால இறங்கினா மறுகா மண் சிந்திக் கிடக்கு. நேரே இஞ்ச கொண்டு வந்து விட்டுது.”

இவர்தான் பரமக்கா. நாகதம்பிரானை அவர் கும்பிடத் தொடங்கியது புருசனுக்காக. புருசன் வயலில் வரம்பு கட்டும்போது நாகம் ஒன்று படமெடுத்து நின்றதாம், கொத்தவில்லையாம். கொத்தாமல் விட்டதற்கு நன்றியாக அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் அந்தப் புற்றுக்குப் பால். எங்களில் எத்தனை பேர், நடக்காமல் போன கெடுதிக்கு நன்றி சொல்கிறோம்? எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப் போயிற்று. ஆனால் பால் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.

யோகனைக் கூப்பிட்டேன். “மஞ்சள், முட்டைக்கோது ஒண்டும் உன்ட கண்ணில படல்லையா?”

“பட்டதுதான் மேசன். ஆரோ வயலுக்கு வந்தவங்க சமைச்சுச் சாப்பிட்டதாக்கும் எண்டு நினைச்சன்.”

“புத்துக்கு மேலயாடா ஏறி நிண்டு சமைப்பாங்க?”

யோகன் யோசித்தான். “ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பழக்கம்தானே” என்றான். அவனோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, மண்ணை உரித்துத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றேன். பரமக்கா முகம் மாறிவிட்டது. “உரிக்கிறதா? அவரையா? அவர் விரும்பித்தான் வந்திருக்கார். விருப்பமில்லாட்டி உங்கட வண்டி அந்த இடத்தை விட்டு நகருமா?”

அடுத்து ஒரு புத்தி தோன்றியது. கறையானுக்கு ராணி உயிரோடு இருந்தால் புற்றை மறுபடி எழுப்பிவிடும். ஒரு கிழமை விட்டு பரமக்காவை அக்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நான் நினைத்தது சரி, பழைய இடத்தில் ஈர மண்ணோடு புதுப்புற்று முளைத்திருந்தது. “பாருங்க, அவர் திரும்பி வந்திட்டார்” என்றேன்.

பரமக்கா கும்பிட்டார். பார்த்தார். யோசித்தார். “வயல்காரப் போடியார்மாருக்கு ஊரில ஒரு வீடும் வட்டைக்குள்ள தங்க ஒரு வாடியும் இருக்கிற மாதிரித்தான்” என்றார். “இது அவர்ட வாடி. இனி ரெண்டு இடத்துக்கும் பால் வேணும்.”

என் புத்தியால் வந்த லாபம் அதுதான். பிள்ளைகளே, எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: நம்பிக்கையோடு வருகிற ஆளிடம் ஆதாரம் காட்டாதீர்கள். அது அவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

முட்டைக் கதையும் அப்படித்தான். முதல் வெள்ளி வைத்த முட்டை மறுநாள் இல்லை. தம்பிரான் எடுத்துக்கொண்டார் என்று செய்தி பாதையில் ஏறி அக்கரைக்குப் போயிற்று. அடுத்த வெள்ளி பரமக்காவோடு இன்னும் நாலைந்து பெண்கள். அதற்கடுத்த வெள்ளி விறாந்தையில் செருப்பு வைக்க இடமில்லை. முட்டையை எடுத்தது ஆர் என்று நான் கண்ணால் கண்டேன். ஒரு கீரி. பாம்பின் பரம எதிரி தம்பிரானின் முட்டையை உருட்டிக்கொண்டு போகிறது, பின்னால் அதன் குட்டிகள் வரிசையாக. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், நீங்களும் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

ரீச்சரை நினைக்க எனக்கு அந்தரமாக இருந்தது. அவர் உள்ளே வேதாகமம் வாசித்துக்கொண்டிருக்க, சுவருக்கு வெளியே பெண்கள் பால் ஊற்றினால் என்னதான் செய்வார்? அவர்களுடைய போதகர் ஒருநாள் வந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். “பூச்சு நல்லா வந்திருக்கு” என்று மட்டும் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அனுபவசாலி.

கடைசியில் ரீச்சரே கணக்குப் போட்டார். “மேசன், இந்தச் சுவருக்கு ரெண்டு பக்கம் இருக்குத்தானே? உட்பக்கம் எனக்கு. வெளிப்பக்கத்தில அவங்கட விருப்பம். நடுவில எல்லை எங்க எண்டு ஆரும் தோண்டிப் பாக்கவேணாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா சீலன் வந்து பாத்தானெண்டா நான் முடிஞ்சன்” என்றார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. சுவரின் அடி பாலில் ஊறி இளகத் தொடங்கியிருந்தது. மாரிக்கு நாள் நெருங்குகிறது. அதோடு ஒரு வெள்ளி, புதிதாக வந்த ஒரு தங்கச்சி பக்தி மேலிட்டு, கூரை விளிம்பான இறப்புக்குக் கீழே கற்பூரத்தைத் தட்டில் கட்டியாக வைத்துக் கொளுத்திவிட்டார்.

கிடுகுக் கூரை, வைகாசி வெயிலில் காய்ந்த ஓலை. காற்று ஒரு வீச்சு வீசியது. சுவாலை ஓலை நுனியைத் தொட்டுக் கருக்கி, புகை எழும்பியது. பெண்களோ கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? கத்தியிருப்பீர்கள். கத்தினால் எல்லாரும் சிதறி ஓடுவார்கள், கற்பூரத்தட்டு தட்டுப்பட்டு, குழைக்கக் குவித்திருந்த வைக்கோலுக்குள் விழும். நான் கைக்குக் கிடைத்த சேற்றை அள்ளி ஓலையில் அறைந்தேன். அறைந்துவிட்டு, கோயிலை நடத்துகிற வண்ணக்கர் மாதிரி குரலை வைத்துக்கொண்டு கேட்டேன்:

“ஏன் தங்கச்சி, தம்பிரானைக் கலைக்கிறீங்க?”

“நான் எங்க கலைச்சன்?”

“வீட்டுக்குள்ள பாம்பு வந்தா என்ன செய்வீங்க? புகை போடுவீங்கதானே? இப்ப இதென்ன?”

ஒரு கணம் எல்லாரும் கற்பூரத்தைப் பார்த்தார்கள். பரமக்கா பாய்ந்து முந்தானையால் அமத்தினார். அந்தப் புதிய தங்கச்சி அழுதே விட்டார். அதற்குப் பிறகு அந்த வளவில் எவரும் ஒரு ஊதுபத்தி கொளுத்தியது கிடையாது. கூரைக்கு அதைவிடப் பெரிய காவல் வேறு இல்லை.

அன்று பின்னேரமே பாலுக்கும் ஒரு முடிவு கட்டினேன். மண்வீட்டுக்குத் தண்ணீர் ஆகாது. தடுக்க முடியாத தண்ணீருக்கு வழி விட வேண்டும், பாலுக்கும் அதே வைத்தியம்தான். சுவரின் வெளிப்பக்கம் சின்னதாக ஒரு மாடம் வைத்து, அதற்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி வழுவழுப்பாக்கினேன். அடியில் ஒரு மூங்கில் குழாய் வைத்து, வார்க்கிற பால் நேரே வாழை மரத்தடிக்குப் போகும்படி விட்டேன். பரமக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதை முதல் கிழமையே செய்திருக்கலாமே” என்றார். அந்த வாழை போட்ட குலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சுவரடியும் இறுகியது. ரீச்சர் சாமான்களோடு வந்து குடியிருந்தார். போதகர் வந்து உட்பக்கம் ஜெபம் செய்தார்.

சீலன் வருவது சனிக்கிழமை என்று ஏற்பாடு. ரீச்சரும் நானும் எல்லாம் பேசி வைத்திருந்தோம். மாடத்தில் ஒரு பூச்சாடி வைத்துவிடுவது, முட்டை கிட்டை இருந்தால் எடுத்துவிடுவது. ஆனால் மகன் லீவு கிடைத்ததென்று ஒருநாள் முந்தி வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை காலை.

பெண்கள் இன்னும் வரவில்லை. இவரைக் கெதியாக உட்பக்கம் காட்டி அனுப்பிவிடலாம் என்று நான் பரபரத்தேன். அவர் போகிற மாதிரி இல்லை. சப்பாத்துக் காலோடு சுற்றி வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“நெருப்புப் பிடிச்சா?”

“கூரை பிடிக்கும் தம்பி, சுவர் பிடிக்காது.”

“வெள்ளம் வந்தா?”

“அத்திவாரம் கருங்கல்லு. வளவும் மேடு.”

“கறையான்?”

“அது கட்டின மண்தான் தம்பி இது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு தாயிடம் திரும்பினார். “எல்லாம் சரியம்மா. வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பயப்பிடுறது சுவருக்கு இல்ல. இரவில ஒண்டு எண்டா ஆரைக் கூப்பிடுவீங்க? விழுந்து கிடந்தாலும் ஆருக்குத் தெரியும்? ஒரு சனமும் இல்லாத மூலை. வெளிக்கிடுங்க, போவம்.”

காலமெல்லாம் பிள்ளைகளை வாயடைக்க வைத்த ரீச்சர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சுவருக்குத்தான் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது. பரமக்கா முன்னுக்கு, பின்னால் ஒரு பட்டாளம், எல்லார் கையிலும் செம்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆர் இந்தத் தம்பி? தம்பிரான்ட இடத்தில சப்பாத்தோட நிக்கிறார்” என்றார் பரமக்கா. மகன் என்று ரீச்சர் மெல்லச் சொன்னார். “ஓ, மகனா? நல்லது மனே. வந்ததே நல்லது. உங்கட அம்மாட கதையைக் கேளுங்க. போன கிழமைக்கு முதல் கிழமை காய்ச்சல், எழும்ப ஏலாமக் கிடந்தா. நான் வரல்ல எண்டா அப்பிடியே கிடந்திருப்பா. ரெண்டு நாள் இஞ்சயே படுத்து கஞ்சி வச்சுக் குடுத்தன். மகனுக்குச் சொல்லுங்க எண்டா, வேணாம் வேணாம், அவன் பயந்திடுவான் எண்டு சொல்றா. கணக்குப் படிச்சவங்களுக்கு இவ்வளவு புடிவாதமா?”

சீலன் தாயைப் பார்த்தார். ரீச்சர் வாழைமரத்தைப் பார்த்தார்.

பெண்கள் தங்கள் பாட்டில் மாடத்துப் பக்கம் போனார்கள். ஒருத்தி ரீச்சரின் முழங்காலுக்கு எண்ணெய் கொண்டுவந்திருந்தார். இன்னொருத்தி குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்த்து, இதென்ன நேற்றைய சோறு என்று உள்ளேயிருந்து ஏசினார். பால் மாடத்தில் நிரம்பி, மூங்கிலால் ஓடியது. தன் தாயின் படுக்கையறைச் சுவருக்கு ஏன் பால் வார்க்கிறார்கள் என்று சீலன் கேட்கவே இல்லை. சுருக்கமாகச் சொல்லவும் எனக்குத் தெரிந்திருக்காது.

கும்பிட்டு முடித்துப் பரமக்கா செம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சீலன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்குக் கிட்டப் போனார்.

“அக்கா, நீங்க வெள்ளிக்கிழமையில மட்டுமா வாறது?”

பரமக்கா நிமிர்ந்து, செம்பில் இருந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றினார்.

“ஏன் மனே, செவ்வாயும் வரட்டா?”

“ஓம்” என்றார் சீலன். “வாங்க.”

அவர் தனியாகத்தான் கொழும்புக்குத் திரும்பினார். நான் மறுநாளே போய் மூங்கில் குழாயைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்று வைத்தேன்.